கறுப்பாகப் போனால் சொல்லுங்கள்!

பிள்ளை பெற்ற வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தையின் துணியை மாற்றும்போது அம்மாவும் பாட்டியும் அதைப் பிரித்துப் பார்ப்பார்கள். "இன்னிக்கு மஞ்சளாப் போயிருக்கு", "பச்சையா இருக்கே, சீதம் இருக்கா பாரு" என்று ஒரு சின்ன மகாநாடே நடக்கும். அதில் யாருக்கும் அருவருப்பும் கிடையாது, வெட்கமும் கிடையாது. ஆனால் அதே வீட்டில் அறுபது வயது தாண்டிய ஒருவருக்கு நாலு நாளாகக் கறுப்பாகப் போகிறது என்றால், அது யார் காதுக்கும் வராது. பெரியவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். கேட்டால் மரியாதைக் குறைவோ என்று மற்றவர்களுக்கும் தயக்கம்.

இந்தக் கூச்சம் ஓர் உயிரைக் கொண்டுபோகப் பார்த்ததை 2022-ம் வருஷம் ஐப்பசி மாதத்தில் எங்கள் வீட்டிலேயே கண்டேன். அத்தை, அதாவது என் மாமியார், இன்று நன்றாக நடமாடுகிறார். அவரைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "எழுது, எழுது. என்னை மாதிரி இன்னும் எத்தனை பேரு வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்களோ" என்று சொல்லிவிட்டார்.

மூட்டுவலிக்கு வாங்கிய மாத்திரை

அத்தைக்கு அப்போது வயது 68. ஆறு வருஷத்துக்கு முன் மாரடைப்பு வந்து, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அதிலிருந்து தினம் ஒரு சின்ன ஆஸ்பிரின் மாத்திரை. அது டாக்டர் எழுதிக் கொடுத்தது. ஆனால் முழங்கால் வலிக்கு அவர் போட்டுக்கொண்டது டாக்டர் எழுதியது இல்லை. கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிற மருந்துக் கடையில், "தம்பி, முட்டி வலிக்கு ரெண்டு வேளைக்குக் குடு" என்று கேட்டு வாங்குவார். பெயர் எழுதாத காகிதப் பொட்டலத்தில் மூன்று நிற மாத்திரைகள் வரும். செட் மாத்திரை என்று அதற்குப் பெயர். வலி விட்டுவிடும். மறுபடி வந்தால் மறுபடி ஒரு பொட்டலம். இந்த மாதிரி இரண்டு மாதம் ஓடியிருக்கிறது.

வலி மாத்திரைகளில் பல வகை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை வலியைக் குறைக்கும். கூடவே வயிற்றின் உட்சுவரைக் காக்கிற வழவழப்பான பூச்சையும் குறைத்துவிடும். பூச்சு போனால் வயிற்றில் சுரக்கிற அமிலம் சுவரை அரிக்கும். அரித்த இடம் புண்ணாகும். புண் ஆழமாகி ஒரு ரத்தக் குழாயைத் தொட்டுவிட்டால் ரத்தம் கசியும், சில சமயம் பீறிடும். ஆஸ்பிரினோடு இன்னொரு வலி மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. பொட்டலத்தில் ஸ்டீராய்டும் கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதில் கொடுமை என்னவென்றால், வயிறு வலிக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். பல பெரியவர்களுக்கு வலிப்பதே இல்லை. வலிக்காத புண்ணிலிருந்து நேராக ரத்தப்போக்குதான். அத்தை கடைசி வரை, "எனக்கு வயித்துல ஒண்ணுமே இல்லையே" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாலு நாள் மறைத்த ரகசியம்

அந்த வாரம் அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. கூடத்திலிருந்து பூஜை அறைக்கு ஏறுகிற இரண்டு படிக்கே மூச்சு வாங்கியது. "நவராத்திரி, தீபாவளின்னு ஓடின அசதி" என்றார். நான் சந்தேகப்பட்டது வேறொன்றைப் பார்த்து. எப்போதும் ஒரு வாளித் தண்ணீர் போதும் என்று சிக்கனமாக இருப்பவர், இரண்டு வாளி, மூன்று வாளி ஊற்றிக்கொண்டே இருந்தார். நாலாம் நாள் காலையில் அவர் வெளியே வந்ததும் நான் உள்ளே போனேன். தார் ஊற்றின மாதிரி ஓரத்தில் ஒட்டியிருந்தது. சாதாரண நாற்றம் இல்லை. ஒரு மாதிரி அழுகின வாடை.

"அத்தை, எத்தனை நாளா இப்படிப் போவுது?"

"முருங்கைக் கீரை சாப்பிட்டேன்ல, அதான்."

"கீரை சாப்பிட்டா பச்சையாத்தானே போவும்?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நாலு நாளா. பெத்த புள்ளைகிட்ட இதையெல்லாம் எப்படிம்மா சொல்றது? ஆம்பளைப் புள்ள" என்றார்.

அவர் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பயம் இல்லை அதில், கூச்சம் மட்டும்தான்.

ரத்தம் சிவப்பு, மலம் ஏன் கறுப்பாகப் போக வேண்டும் என்று கேட்கலாம். வயிற்றிலோ, அதை அடுத்த முன் சிறுகுடலிலோ கசிகிற ரத்தம் அமிலத்தோடு கலந்து, குடல் முழுக்கப் பயணம் செய்து வெளியே வருவதற்குள் பல மணி நேரம் ஆகிறது. அதற்குள் அது கறுத்துவிடுகிறது. கால் டம்ளர் ரத்தம் உள்ளே கசிந்தாலே மலம் கறுக்கப் போதும். ஆகவே தார் மாதிரி கறுப்பு, பிசுபிசுப்பு, கெட்ட வாடை, மூன்றும் சேர்ந்தால் அது உள்ளே ரத்தம் கசிகிறது என்பதற்கு அடையாளம்.

அன்று டாக்டரிடம் கிளம்புவதற்குள் அத்தைக்கு வாந்தி வந்துவிட்டது. காபி பில்டரைக் கழுவும்போது அடியில் தங்குமே, அந்த மண்டி. அச்சாக அதே நிறம், அதே பொடிப் பொடியான தோற்றம். டாக்டர்களும் இதற்குக் காபித்தூள் வாந்தி என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்களாம். வயிற்றில் தங்கிக் கறுத்த ரத்தம் அது. புதிதாகப் பீறிட்டால் சிவப்பாகவே வரும்.

இவர் 108-க்கு போன் செய்தார். நான் அத்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா மோர் கரைத்துக்கொண்டு ஓடிவந்தார். பாவம், சூட்டினால் வந்தது என்று அவருக்கு எண்ணம். வாயில் எதுவும் கொடுக்காமல்தான் கொண்டுபோனோம். கையோடு எடுத்துக்கொண்டது இரண்டே பொருள்: மாத்திரைப் பெட்டி, அந்தக் காகிதப் பொட்டலம்.

"ஏன் இன்னும் குழாய் விடலை?"

தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. போனதும் இரண்டு கையிலும் ஊசி குத்தி ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 6.4. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்ற ஏற்பாடு செய்தார்கள். அமிலத்தைக் குறைக்க ஊசி போட்டார்கள். "எண்டாஸ்கோப்பி செய்து பார்க்கணும். ரத்தம் வர இடத்தை அதிலேயே அடைச்சுடலாம்" என்றார் டாக்டர்.

சரி, உடனே செய்வார்கள் என்று காத்திருந்தோம். மணி பன்னிரண்டு, இரண்டு, மூன்று ஆயிற்று. கொழுந்தனார் வந்து சேர்ந்தார். "அம்மா ரத்தமா வாந்தி எடுத்திருக்காங்க, இன்னும் குழாய் விடாம என்ன பண்றீங்க?" என்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெண் டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. கோபப்படவே இல்லை.

"அம்மாவுக்கு நாடி வேகமா இருக்கு, ரத்த அழுத்தம் இறங்கி இருக்கு. இந்த நிலையில மயக்க மருந்து குடுத்துக் குழாய் விட்டா ஹார்ட் தாங்காது. முதல்ல உடம்பை நிலைக்குக் கொண்டுவரணும். 24 மணி நேரத்துக்குள்ள செய்துடுவோம்" என்றார்.

இது சமாதானப் பேச்சு இல்லை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஹாங்காங்கில் இதையே சோதித்துப் பார்த்து 2020-ல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆபத்தான ரத்தப்போக்கோடு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, நிபுணர் பார்த்த 6 மணி நேரத்துக்குள் எண்டாஸ்கோப்பி. மற்றவர்களுக்கு 6-லிருந்து 24 மணி நேரத்துக்குள். அவசரப்பட்டதால் கூடுதல் உயிர்கள் பிழைக்கவில்லை. ரத்தம் ஏற்றுவதிலும் அப்படித்தான். நிறைய ஏற்றினால் நல்லது என்று நாம் நினைப்போம். ஸ்பெயினில் பார்சிலோனா டாக்டர்கள் 2013-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் மட்டும் ரத்தம் ஏற்றிய நோயாளிகள்தான் அதிகம் பிழைத்தார்கள். அளவுக்கு மீறி ஏற்றினால் மறுபடி கசிவதற்கும் இடம் உண்டு. இதய நோய் உள்ளவர்களுக்கு மட்டும் இந்த அளவைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே சகோதரிகளே, ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏறுகிறது, ரத்தம் ஏறுகிறது, அடிக்கடி வந்து நாடி பார்க்கிறார்கள் என்றால், அங்கே வைத்தியம் ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம். நாம் வீணாக்கக் கூடாத நேரம் ஆஸ்பத்திரிக்குள் இருக்கிற நேரம் இல்லை. வீட்டில் மறைத்து வைக்கிற நேரம்.

கத்தி விழுங்கியிடம் பிறந்த வைத்தியம்

அத்தைக்கு ஒரே கேள்விதான். "வயித்தைக் கிழிப்பாங்களா?" காரணம் இருந்தது. அவருடைய பெரியப்பாவுக்கு இதே மாதிரி ரத்த வாந்தி. அறுபதுகளில் நடந்தது அது. எங்கே கசிகிறது என்று வெளியிலிருந்து பார்க்க வழியில்லாமல் வயிற்றைத் திறந்தார்கள். அவர் வீடு திரும்பவில்லை. அத்தைக்கு அப்போது பத்து வயதுகூட நிறையவில்லை.

கிழிக்காமல் உள்ளே பார்க்கிற ஆசை டாக்டர்களுக்கு ரொம்ப நாளாக இருந்திருக்கிறது. 1868-ல் ஜெர்மனியில் குஸ்மால் என்ற டாக்டர் ஒரு நேரான உலோகக் குழாயை வயிற்றுக்குள் விட்டுப் பார்த்தார். யாருக்கு விட்டார் தெரியுமோ? கத்தி விழுங்கும் வித்தைக்காரர் ஒருவருக்கு! வேறு யார் தொண்டையைக் காட்டுவார்கள்? குழாய் இறங்கியது, ஆனால் உள்ளே பார்க்க வெளிச்சம் போதவில்லை.

வளைந்து கொடுக்கிற குழாய்க்குள் வெளிச்சமும் வளைந்து போக வேண்டும். அதற்கு வழி காட்டியவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர். பஞ்சாபில் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானி. லண்டனில் ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியரோடு சேர்ந்து, முடியைவிட மெல்லிய கண்ணாடி இழைகளைக் கற்றையாகக் கட்டி, அதன் வழியே ஒரு படத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கொண்டுபோய்க் காட்டினார். 1954-ல் இது வெளியாயிற்று. அதைப் படித்த ஹிர்ஷோவிட்ஸ் என்ற டாக்டர், அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நண்பர்களோடு உழைத்து, வளையும் எண்டாஸ்கோப்பைச் செய்தார். 1957-ல் அதை முதலில் தன் தொண்டைக்குள்ளேயே விட்டுப் பார்த்துக்கொண்டாராம்! பிறகுதான் நோயாளிக்கு. கபானிக்கு 2021-ல், அவர் காலமான பிறகு, பத்ம விபூஷண் கொடுத்தார்கள்.

பார்க்கிற குழாய், ரத்தத்தை நிறுத்துகிற குழாயாக மாறியது எழுபது எண்பதுகளில்தான். இப்போது கண்ணாடி இழைகளுக்குப் பதிலாக முனையிலேயே குட்டிக் காமிரா. பெரியப்பாவுக்குக் கிடைக்காதது அத்தைக்குக் கிடைத்தது.

சுண்டு விரல் பருமன் குழாய்

மாலை ஆறு மணிக்கு அழைத்துப் போனார்கள். முதலில் கேட்டது, "பல் செட் இருக்கா?" கழற்றி என் கையில் கொடுத்தார் அத்தை. ஆடுகிற பல் இருந்தாலும் சொல்லிவிட வேண்டும். வயிற்றில் தேங்கிய ரத்தக் கட்டிகள் கீழே இறங்கிவிட்டால் உள்ளே தெளிவாகத் தெரியும். அதற்காக முன்கூட்டியே ஒரு ஊசி. தொண்டை மரத்துப்போக ஒரு ஸ்ப்ரே. அது கசப்பாக இருந்ததாம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, குழாயைக் கடித்துவிடாமல் இருக்கப் பற்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம். தூக்கம் வர ஒரு ஊசி.

குழாய் நம் சுண்டு விரல் பருமன்தான். மூச்சுக் குழாய் வேறு, உணவுக் குழாய் வேறு. ஆகவே மூச்சு அடைக்காது. உள்ளே காற்றை ஊதுவார்கள். வயிறு உப்பின மாதிரி இருக்கும். குமட்டலாம். ஆனால் வலி என்று சொல்ல முடியாது. வெறுமே பார்ப்பதற்கு மட்டும் என்றால் பத்து நிமிஷ வேலை. அத்தைக்கு அரை மணி ஆயிற்று.

டாக்டர் பிறகு படங்களைக் காட்டி விளக்கினார். வயிற்றைத் தாண்டியதும் வருகிற முன் சிறுகுடலில் ஒரு புண். அதன் நடுவே சிவப்புப் புள்ளி மாதிரி ஒரு ரத்தக் குழாயின் வாய். அங்கிருந்து கசிந்துகொண்டிருந்தது. குழாய்க்குள்ளேயே இன்னொரு மெல்லிய வழி இருக்கிறது. அதன் மூலம் ஓர் ஊசியை இறக்கி, புண்ணைச் சுற்றிலும் தண்ணீர் கலந்த அட்ரினலின் மருந்தைப் போட்டார்கள். சுற்றுப்புறம் உப்பி, குழாய் சுருங்கி, கசிவு நின்றது. ஆனால் அந்த ஊசி மட்டும் போதாதாம். மருந்தின் வேகம் தணிந்ததும் மறுபடி கசியலாம். அதனால் அதே வழியில் ஒரு குட்டி உலோக க்ளிப்பை இறக்கி, கொடியில் துணிக்குப் போடுகிற மாதிரி, ரத்தக் குழாயின் வாயைக் கவ்விப் பிடிக்க வைத்துவிட்டார்கள். க்ளிப் போட வசதி இல்லாத இடமாக இருந்தால் சூடு வைத்து அடைப்பார்களாம்.

"அந்த க்ளிப்பை எப்ப எடுப்பாங்க?" என்று கேட்டேன். எடுக்க வேண்டியதில்லை. புண் ஆறியதும் தானே விழுந்து மலத்தோடு போய்விடும். அது போகும் வரையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் மட்டும், உள்ளே க்ளிப் இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆபத்தே இல்லாத வைத்தியம் என்று சொல்ல மாட்டேன். குழாயினால் எப்போதோ ஒருவருக்குக் குடலில் ஓட்டை விழலாம். வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகலாம். கையெழுத்து வாங்கும்போதே இதையெல்லாம் சொன்னார்கள். ஆனால் ரத்தத்தை அப்படியே போகவிடுவதோடு ஒப்பிட்டால் அந்த ஆபத்து ரொம்பச் சின்னது. நின்ற ரத்தம் சிலருக்கு மறுபடி வரும். பெரும்பாலும் முதல் மூன்று நாளில். அதனால்தான் அத்தைக்கு 72 மணி நேரம் அமிலத்தைக் குறைக்கிற மருந்து தொடர்ந்து ஏறியது. மறுபடி வந்தாலும் இன்னொரு முறை எண்டாஸ்கோப்பி செய்வார்கள். அதிலும் நிற்காவிட்டால் தொடையில் ஊசி வழியாக ஒரு மெல்லிய குழாயை ரத்தக் குழாய்க்குள் செலுத்தி அடைப்பது உண்டு. கத்தி கடைசிப் படி.

மறுநாள் மாலை கஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள். "கிழிக்கலையா?" என்று வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார் அத்தை.

புண்ணுக்கு மிளகாய் காரணமா?

"காரம் ஜாஸ்தி, அதான் அல்சர்" என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். காரம் எரிச்சலைக் கிளப்பலாம். புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் இரண்டு. ஒன்று வலி மாத்திரை. இன்னொன்று ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி.

இந்தக் கிருமியின் கதையும் சுவாரஸ்யமானது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் வாரன், மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள் இதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது, அமிலத்தில் கிருமி வாழுமா என்று பலர் நம்பவில்லை. மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமிகளைத் தானே குடித்து, வயிற்றைக் கெடுத்துக்கொண்டு நிரூபித்தார்! இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அத்தைக்கு எண்டாஸ்கோப்பியிலேயே வயிற்றுச் சுவரில் ஒரு துளி கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள்; கிருமி இருந்தது. இரண்டு வாரம் மருந்து சாப்பிட்டார். ரத்தம் வடிகிற சமயத்தில் செய்த சோதனை, இருக்கிற கிருமியை இல்லை என்று காட்டிவிடுவது உண்டு. அப்போது பிறகு மறுபடி செய்வார்கள். மருந்து முடிந்த பின்னும் கிருமி போய்விட்டதா என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். வயிறு சரியாயிற்றே என்று மருந்தைப் பாதியில் நிறுத்தினால், அல்சர் திரும்பி வரும்.

அடுத்தது ஆஸ்பிரின். "இதனாலதான் வந்துச்சு, இனிமே அந்த மாத்திரையைக் கண்ணால பார்க்க மாட்டேன்" என்றார் அத்தை. டாக்டர் விடவில்லை. ரத்தம் நின்று மூன்றாம் நாளே திரும்ப ஆரம்பித்துவிட்டார். கூடவே வயிற்றைக் காக்க ஒரு மாத்திரை. மாரடைப்பு வந்தவர்கள் ஆஸ்பிரினை நிறுத்தினால், வயிறு பிழைத்து இதயம் போய்விடும். இதையும் ஹாங்காங் டாக்டர்கள் 2010-லேயே காட்டியிருக்கிறார்கள்: நிறுத்தியவர்களில்தான் அதிகம் பேர் இறந்தார்கள். முழங்காலுக்கு இப்போது பாரசிட்டமால், வெந்நீர் ஒத்தடம், உட்கார்ந்தபடி செய்கிற பயிற்சி. காகிதப் பொட்டலம் வீட்டுக்குள் வருவதில்லை.

எல்லா ரத்தமும் அல்சர் இல்லை

கல்லீரல் கெட்டுச் சுருங்கியவர்களுக்கு உணவுக் குழாயில் ரத்த நாளங்கள் புடைத்து வெடிக்கும். குடிப்பவர்களுக்கு மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். மஞ்சள் காமாலைக் கிருமிகளாலும், கல்லீரலில் கொழுப்பு சேர்வதாலும் இந்த நிலை வரும். இவர்களுக்கு ரத்தம் குபுகுபுவென்று சிவப்பாகவே வரும். எண்டாஸ்கோப்பி வழியாகவே புடைத்த நாளத்தை உறிஞ்சி இழுத்து, பூக்காம்பை நாரால் சுருக்குகிற மாதிரி, அதன் கழுத்தில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிவிடுவார்கள். சில வாரம் விட்டு விட்டு மூன்று நாலு தடவை செய்ய வேண்டியிருக்கும். கணவருக்கோ அப்பாவுக்கோ கல்லீரல் சுருக்கம் என்று சொல்லியிருந்தால், வெடிக்கும் வரை காத்திராமல், நாளம் புடைத்திருக்கிறதா என்று முன்னாலேயே டாக்டரிடம் கேளுங்கள்.

ஆசன வழியாகச் சிவப்பாகப் போனால் "மூலம்தான்" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். மூலமாகவும் இருக்கலாம், பெருங்குடலில் சதை வளர்ச்சியாகவோ, புண்ணாகவோ, புற்றுநோயாகவோகூட இருக்கலாம். கீழ் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கிற கொலனோஸ்கோப்பியில் தெரிந்துவிடும். இரண்டு பக்கத்திலிருந்தும் எட்டாத சிறுகுடலைப் பார்க்க, 2001-லிருந்து விழுங்குகிற காமிரா மாத்திரைகூட வந்திருக்கிறது. அது படம் பிடிக்கும், ஆனால் ரத்தத்தை நிறுத்தாது.

இளம் தாய்மார்களுக்கு

கர்ப்பக் காலத்தில் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் கறுப்பாகத்தான் போகும்; பயப்பட வேண்டாம். அது கெட்டியாக, கரும்பச்சையாக இருக்கும். தார் மாதிரி பிசுபிசுக்காது, அந்த வாடையும் இராது. பீட்ரூட் சாப்பிட்டால் சிவப்பாகப் போகும். பால் குடிக்கிற குழந்தை ரத்தம் கலந்து கக்கினால், தாயின் மார்க்காம்பில் வெடிப்பு இருந்து அந்த ரத்தத்தைக் குழந்தை விழுங்கியிருக்கலாம். ஆனாலும் அதை நாமே தீர்மானிக்காமல் குழந்தையை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது

தார் மாதிரி மலம், காபி மண்டி வாந்தி, சிவப்பு ரத்த வாந்தி, இவற்றோடு தலைசுற்றல், வியர்வை, படபடப்பு எது வந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். படுக்க வையுங்கள்; வாந்தி வந்தால் ஒருக்களித்து. மோர், காபி, கஷாயம் எதுவும் கொடுக்காதீர்கள். வயிறு காலியாக இருந்தால்தான் குழாய் விட முடியும். சாப்பிடுகிற மாத்திரைகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். பெயர் தெரியாத பொட்டலத்தை மறைக்காதீர்கள். டாக்டருக்கு முதல் துப்பு அதுதான்.

கடையில் கேட்டு வாங்குகிற வலி மாத்திரையை நிறுத்துங்கள். டாக்டரே எழுதினாலும், "எனக்கு அல்சர் வந்திருக்கு", "ஆஸ்பிரின் சாப்பிடறேன்" என்று முதலில் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. மகனிடம் சொல்லக் கூசுகிற மாமியார் மருமகளிடம் சொல்லலாம்; மருமகளிடம் கூசுகிற மாமனார் மகனிடம் சொல்லலாம். யாரிடம் சொல்வது என்பதை வீட்டில் எல்லோருமாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அத்தை இப்போது வெட்கப்படுவதில்லை. பக்கத்துத் தெருப் பெண்கள் முழங்கால் வலி என்று வந்து உட்கார்ந்தால், தைலம் எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் அவர் கேட்கிற முதல் கேள்வி, "என்ன மாத்திரை போடுறே? எந்த நிறத்துல போவுது?"